நகர்ந்து வரும் மூன்று பேர்

கெங்கம்மாளுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. மழை வரும் என்று யாராவது சொன்னால், உனக்கு யார் சொன்னது என்று கேட்பாள். ஒருவன் ஓசியில் ஒரு கல் உப்பு கொடுத்தால், உப்பைப் பார்க்க மாட்டாள், கொடுத்தவன் மூஞ்சியைத்தான் பார்ப்பாள். அதற்காக அவளைக் குற்றம் சொல்லவும் நமக்கு வாய் வரவில்லை. அவள் தம்பி, சின்னக்குழந்தை என்று பேர், ஒரு சந்தனக் கட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும்போது பாரஸ்ட்காரர்கள் பிடித்துக் கீழே கொண்டுபோனார்கள். ஜெயிலில் காய்ச்சல் கண்டு செத்துப்போனான். அவன் கட்டியிருந்த வேட்டி மட்டும்தான் மலைக்குத் திரும்பி வந்தது. எவனோ ஒருத்தன் காட்டிக் கொடுக்காமல் அது நடந்திருக்காது. எவன் என்றுதான் இன்றுவரை தெரியவில்லை. அதனால் அவள் ஊரையே சந்தேகப்பட்டாள்.

அப்படிப்பட்டவள் வீட்டிலேயே இப்போது சந்தனம் இருந்தது. கொடுமையைப் பாருங்கள்.

ஐப்பசிக் காற்றில் அவர்கள் கொல்லை ஓரத்தில் ஒரு சந்தன மரம் சாய்ந்துவிட்டது. மலையில் சந்தன மரம் எவன் கொல்லையில் முளைத்தாலும் சர்க்கார் சொத்து. காற்றில் விழுந்தாலும் சர்க்கார் சொத்து. விழுந்த மரத்தைத் தொட்டவனுக்கும் அதே ஜெயில்தான். புருஷன் கண்ணாயிரத்துக்கு அது பொறுக்கவில்லை. "நம்ம கொல்லைத் தண்ணியைக் குடிச்சு வளந்த மரம், நமக்கு இல்லாம எவனுக்கு?" என்று சொல்லி, நடுக்கட்டையைத் துண்டு போட்டுச் சாமைத் தொம்பைக்குள் இறக்கி, மேலே சாமையைக் கொட்டி மூடிவிட்டான். தொம்பை என்றால் மூங்கிலில் பின்னிச் சாணம் மெழுகிய ஆள் உயரக் கூடை, வீட்டின் தானியமெல்லாம் அதற்குள்தான். நேரம் பார்த்துக் கட்டையைக் கீழே இறக்கி ஒரு ஜோடி ஏர்மாடு பிடிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. கெங்கம்மாளுக்கு மாடும் வேண்டாம், கன்றும் வேண்டாம். தம்பிக்கு ஆனது புருஷனுக்கு ஆகக்கூடாது. அது ஒன்றுதான் அவளுக்கு.

ஆனால் சந்தனம் சும்மா கிடக்கிற சாமானா? அதன் வாசனை சாமையில் ஏறிவிட்டது. சோறு பொங்கினால் கோவில் மாதிரி மணந்தது. அதை மறைக்கத் தினம் கருவாடு சுட்டாள். "எனக்கு இந்தக் கருவாட்டு நாத்தத்துல குடலே பெரட்டுது" என்று கண்ணாயிரம் முனகுவான். "ஜெயில்ல கருவாடு போட மாட்டாங்க, அங்க போய் உட்காந்து சாப்புடு" என்பாள்.

எதிர்வீட்டுக்கு அடைக்கலம் குடி வந்தது இந்த லட்சணத்தில்தான். கண்ணமங்கலத்துப் பக்கத்து வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். வாணியம்பாடித் தோல் வியாபாரி கலீலுல்லா சாயபுவுக்காக, மலை ஜனங்கள் பொறுக்கி வரும் கடுக்காயை நிறுத்து வாங்கி மூட்டை கட்டிக் கீழே அனுப்புவது அவர் வேலை. தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும். ஜப்பான்காரன் சண்டை நடக்கிற சமயம், பட்டாளத்துக்கு பூட்ஸ் தைத்துத் தைத்துத் தோலுக்கு ஓயாத கிராக்கி. ஊரில் எல்லாரும் அவரைக் கடுக்காய்க்காரர் என்றே கூப்பிட்டார்கள். தராசை ஏமாற்றாத மனுஷர் என்று பேரும் இருந்தது. அதுவே கெங்கம்மாளுக்குச் சந்தேகம். தராசில் அடிக்காதவன் வேறு எதில் அடிக்கிறான்?

போதாததற்கு, மூட்டைகளுக்குப் பாஸ் எழுத பாரஸ்ட் கார்டு கோபால்சாமி வாரா வாரம் அந்த வீட்டுக்கு வந்தான். கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தான், சிரித்துப் பேசினான். பாரஸ்ட்காரனோடு சிரிக்கிற வீடு எதிர்வீடாக வாய்த்தால் தூக்கம் எங்கிருந்து வரும்?

மார்கழி பிறந்து குளிரில் பல் கிட்டியபோது, அடைக்கலம் ஒரு நீளமான மூங்கிலை வாசலில் நட்டார். மூங்கில் பிளாச்சையும் கலர்க் காகிதத்தையும் வைத்து ஐந்து மூலைக் கூடு ஒன்று செய்து, அதற்குள் விளக்கேற்றி உச்சியில் ஏற்றிவிட்டார். கீழே அடிவாரத்திலிருந்து பார்த்தால் கூடத் தெரிகிற உயரம்.

"அது இன்னாத்துக்கு?" என்று கெங்கம்மாள் புருஷனைக் கேட்டாள்.

"அவங்க சாமி பொறந்த நாளாம். அப்ப வானத்துல ஒரு நட்சத்திரம் வந்துச்சாம். அதுக்கு ஞாபகமாம்."

"சாமி பொறந்ததுக்கு வூட்டுக்குள்ள வெளக்கு வெச்சா பத்தாதா? மலைக்குக் கீழ இருக்கறவனுக்கெல்லாம் எதுக்குக் காட்டணும்? மண்ணெண்ணெய்க்கு ஊரே அல்லாடுது, இவருக்கு மட்டும் எவன் குடுக்கறான்?"

 கண்ணாயிரம் கருவாட்டை ஒதுக்கி வைத்துவிட்டுச் சோற்றை மட்டும் தின்றான்.

அடுத்த நாள் அடைக்கலத்தின் சம்சாரம் பிலோமினாள் ஒரு முறத்தில் முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷம் கூட ஆகாத பெண். சொந்தம் பந்தம் எல்லாம் கீழே. இங்கே பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் கெங்கம்மாளைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள். "பண்டிகைப் பலகாரம்க்கா. எங்க ஊர்ல அக்கம் பக்கத்துக்குக் குடுத்துட்டுத்தான் நாங்க வாயில வெப்போம்," என்றாள். கெங்கம்மாள் வாங்கிக்கொண்டாள். அவள் போனதும் ஒரு முறுக்கை ஒடித்துக் கோழிக்குப் போட்டாள். கோழி தின்றுவிட்டு இன்னும் கேட்டது. சாயங்காலம் வரை கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துவிட்டு அவள் உள்ளே போவதற்குள், கண்ணாயிரம் மிச்சத்தையெல்லாம் காலி பண்ணிவிட்டான்.

ஆனால் பிலோமினாள் போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. "உங்க வூட்டுச் சோறு இன்னா வாசனைக்கா," என்றாள். அவ்வளவுதான். கெங்கம்மாள் சட்டென்று பானையை மூடினாள். கருவாட்டை மீறி இவளுக்கு எப்படி மூக்கில் ஏறியது? இந்த மூக்கு யாருக்காக மோப்பம் பிடிக்கிறது?

இனிமேல் அந்த வீட்டை ஒரு கண் பார்த்து வைக்க வேண்டும் என்று முடிவு பண்ணினாள். முறத்தைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் போனாள்.

உள்ளே சுவர் ஓரமாக நீளப் பலகை ஒன்று போட்டிருந்தார்கள். அதன் மேற்குக் கோடியில் புல் வேய்ந்த ஒரு சின்னக் குடிசை. மண் சுவர், தாழ்ந்த கூரை, குனிந்து நுழைகிற வாசல், எல்லாம் மலைக்காரர் வீடு மாதிரியே. சத்தியமாக அவள் வீடு மாதிரியே. குடிசைக்குள் களிமண்ணில் ஓர் ஆணும் பெண்ணும். அவர்களுக்கு நடுவில் மூங்கில் சீவலில் பின்னிச் சாணம் மெழுகிய குட்டிக் கூடை ஒன்று. அவளுக்கு அது வேறு எதுவாகவும் தெரியவில்லை, தொம்பையாகத்தான் தெரிந்தது.

"அந்தக் கூடையில இன்னா?" என்றாள்.

"அதுவாக்கா? மாட்டுக்குத் தீனி வெக்கிற கூடை. இப்ப காலி," என்று பிலோமினாள் சிரித்தாள். "உள்ள இருக்க வேண்டியது பண்டிகை அன்னிக்குத்தான் வெளிய தெரியும்."

குழந்தைச் சாமியின் சுரூபத்தை, அந்தச் சின்னப் பொம்மையை, பிறப்பு ராத்திரியில்தான் அதில் வைப்பார்கள், அதைத்தான் அந்தப் பெண் சொன்னாள். கெங்கம்மாள் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பலகையின் கிழக்குக் கோடியில் மூன்று பேர் தனியாக நின்றார்கள். அடைக்கலம் அவர்களை ராஜாக்களாகத்தான் செய்ய நினைத்தார். கிரீடம் வைத்தார், களிமண் காய்ந்து வெடித்துவிட்டது, அதனால் முண்டாசு கட்டிவிட்டார். உடுப்புக்குப் பட்டு மாதிரி மினுமினுக்கட்டும் என்று மஞ்சளையும் கரியையும் எண்ணெயில் குழைத்துப் பூசினார். காய்ந்ததும் அது பட்டாகத் தெரியவில்லை. சுத்தமான காக்கி. காக்கி உடுப்பு, தலையில் முண்டாசு, கையில் ஆளுக்கொரு பெட்டி. அந்த மலையில் இப்படி உடுத்துகிறவர்கள் யார் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

"இவங்கல்லாம் யாரு?"

"கெழக்க இருந்து வர்றாங்கக்கா. நட்சத்திரத்தைப் பாத்துக்கினே ஒரு வூட்டைத் தேடிக்கினு வர்றாங்க."

பாரஸ்ட்காரர்களின் ரேஞ்சு ஆபீஸ் கிழக்கே, அடிவாரத்தில் இருந்தது. கெங்கம்மாள் கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். "எப்ப வந்து சேருவாங்க?" என்று கேட்டாள்.

"சனவரி ஆறாம் தேதி. அன்னிக்கு மூணு ராஜாக்கள் திருநாள். வந்து மண்டி போட்டுப் பொட்டியைத் தொறப்பாங்க."

மண்டி போட்டால்தான் தொம்பையின் அடியைத் தோண்ட முடியும். கெங்கம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

பண்டிகை வந்தது, போனது. அந்த வீட்டில் பாட்டுப் பாடினார்கள். காலிக் கூடையில் ஒரு குழந்தைப் பொம்மை வந்து படுத்தது. கெங்கம்மாளுக்குக் குழந்தையைப் பற்றிக் கவலையில்லை. எதையாவது சாக்கு வைத்துத் தினம் போனாள். நெருப்பு வாங்கப் போனாள், தராசில் கடுக்காய் நிறுக்கப் போனாள், காணாமல் போகாத கோழியைத் தேடிப் போனாள். போகும்போதெல்லாம் பலகையைப் பார்த்தாள். மூன்று பேரும் நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

முதலில் கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தாள். அடுத்த நாள் பலகையின் கணு ஒன்றை அடையாளம் வைத்துக்கொண்டு பார்த்தாள். கணுவுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் இந்தப் பக்கம் வந்திருந்தார்கள். பிறகு பாதிப் பலகையைத் தாண்டினார்கள்.

"அவங்க எங்க வரைக்கும் வந்துட்டாங்கன்னு அந்த வூட்ல கணக்கு வெச்சிருக்காங்க," என்று புருஷனிடம் சொன்னாள்.

"யாரு வந்துட்டாங்க?"

"பாரஸ்ட்காரங்க. மூணு பேரு. பொம்மை வெச்சு நகத்திக்கினே இருக்காங்க."

கண்ணாயிரம் சிரித்தான். "அடியே, பாரஸ்ட்காரனுக்கு வர்றதுன்னா நேரா வருவான். பொம்மையை எல்லாம் நகத்திக்கினு இருப்பானா? உனக்குத் தலைக்கு எண்ணெய் வெக்கணும்," என்றான். சிரித்தானே தவிர, அன்றைக்குத் தொம்பையைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டுத்தான் படுத்தான்.

கட்டையைத் தூக்கி ஏதாவது பள்ளத்தில் வீசிவிடலாம் என்று கெங்கம்மாள் கெஞ்சினாள். அவன் கேட்கவில்லை. பொங்கல் கழியட்டும், இறக்கிவிடுகிறேன் என்றான்.

திருநாளுக்கு முந்தின வாரம், ஓடையில் தண்ணீர் மொள்ளும்போது பிலோமினாள் கேட்டே விட்டாள். சுற்று முற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "கெங்கம்மாக்கா, தப்பா நெனைக்காதீங்க. ஒரு சின்னச் சந்தனத் துண்டு கெடைக்குமா?" என்றாள்.

குடம் கெங்கம்மாளின் கையிலிருந்து நழுவி ஓடையில் விழுந்தது.

"ராஜாக்கள்ல ஒருத்தரு சாம்பிராணி கொண்டாந்தாருக்கா. அன்னிக்கு வூட்ல தூபம் போடணும். கண்ணமங்கலம் பூராக் கேட்டாச்சு, சாம்பிராணி இல்ல. அது கப்பல்ல வர்ற சாமானாம், சண்டையில கப்பலே வர்றதில்லையாம். சந்தனம் ஒரு சீவல் இருந்தாக்கூடப் போதும்."

"எங்க வூட்ல சந்தனம் ஏது? எங்களை இன்னான்னு நெனைச்சே?" என்றாள் கெங்கம்மாள்.

"இல்லன்னா பரவால்லக்கா," என்று சொல்லி அந்தப் பெண் குடத்தை எடுத்துக் கொடுத்தாள். முகம் சுருங்கிவிட்டது. அந்தச் சுருக்கத்தைக் கூடக் கெங்கம்மாள் நம்பவில்லை. வலையில் மீன் சிக்கவில்லையென்றால் எவளுக்கும் மூஞ்சி சுருங்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றோடு அவளுக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. விளக்கு ஏற்றி வழி காட்டியாகிவிட்டது. சோற்றை மோந்து பார்த்தாகிவிட்டது. வாயைப் பிடுங்கியும் பார்த்தாகிவிட்டது. இன்னும் மிச்சம் இருப்பது மூன்று பேர் வருவதுதான். அவர்கள் வந்து கண்ணாயிரத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். அவன் வேட்டியும் ஒரு நாள் மடித்துத் திரும்பி வரும். நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் வந்தது. என் தாலியை அறுக்க வந்த குடும்பத்துக்கு நான் ஏன் பயப்பட வேண்டும்? எவன் முந்துகிறானோ அவன் பிழைத்தான்.

கண்ணாயிரம் கொல்லைக்குப் போன சமயம், தொம்பைக்குள் கை விட்டுத் துழாவி ஒரே ஒரு துண்டை எடுத்தாள். முந்தானையில் முடிந்துகொண்டாள். சாயங்காலம் பிலோமினாள் ஓடைக்குப் போனதையும் அடைக்கலம் வீட்டுக்குப் பின்னால் மூட்டை தைத்துக்கொண்டிருந்ததையும் பார்த்துவிட்டு, எதிர்வீட்டுக்குள் நுழைந்தாள். மூன்று பேரும் குடிசையைத் தொடுகிற தூரத்தில் நின்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்காமல், குடிசைக்குள் கையை விட்டு, குழந்தை படுத்திருந்த வைக்கோலுக்கடியில் துண்டைச் செருகிவிட்டு வந்தாள்.

மறுநாள் ஜமுனாமரத்தூரில் சந்தை. ரேஞ்சர் கேம்ப் வந்திருந்தார், அதனால் கோபால்சாமி விறைப்பாக நின்றுகொண்டிருந்தான். கெங்கம்மாள் சாமை விற்கப் போனவள் மாதிரி அவன் பக்கமாகப் போய் நின்று, "கடுக்காய்க்காரரு வூட்டுப் பக்கம் போனா சந்தன வாசனை அடிக்குது சாமி. பொம்பளை எனக்கு இன்னா தெரியும்," என்றாள். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. கோபால்சாமி கேட்காத மாதிரி இருந்திருப்பான், மோர் குடித்த வீடாயிற்றே. ஆனால் பக்கத்தில் நின்ற ரேஞ்சர் கேட்டுவிட்டார்.

ஆறாம் தேதி காலையில் கெங்கம்மாள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டிலிருந்து சந்தன மணம் வந்தது. திறந்த கதவு, உள்ளே பாட்டு, வாசல் வழியாகப் புகை. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வைக்கோலுக்கடியில் ஒளித்ததை எப்படி எடுத்தார்கள்? எடுத்தவர்கள் ஏன் பதறி ஓடவில்லை? ஊருக்கே மணக்கிற மாதிரி ஏன் சீவிப் போட்டு எரிக்கிறார்கள்? இதிலும் ஏதோ சூது இருக்கிறது என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

வெயில் ஏறுவதற்குள் கிழக்குப் பாதையில் மூன்று பேர் வந்தார்கள். கோபால்சாமியும் இன்னும் இரண்டு கார்டுகளும். அவர்களை வரவழைத்தவளே அவர்களைப் பார்த்து வாசலிலிருந்து உள்ளே நகர்ந்தாள். கண்ணாயிரம் வீட்டுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டான். மூன்று பேரும் அவள் வாசலைத் திரும்பியும் பார்க்காமல் எதிர்வீட்டுக்குள் நுழைந்தார்கள்.

தேட வேண்டிய வேலையே இல்லை. குழந்தைச் சுரூபத்துக்கு முன்னால் ஒரு தட்டில், பூ வைத்து, சீவியது போக மிச்சத் துண்டு இருந்தது. ஊர் கூடிவிட்டது. கெங்கம்மாளும் கூட்டத்தோடு நின்றாள்.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கோபால்சாமி கேட்டான். அவனுக்கே கேட்க மனசில்லை, முகத்தில் தெரிந்தது.

அடைக்கலம் பெண்டாட்டியைப் பார்த்தார். பிலோமினாள் கூட்டத்தைப் பார்த்தாள். அவள் கண் ஒவ்வொருவராகக் கடந்து கெங்கம்மாள் மேல் வந்து நின்றது.  உடனே அந்தக் கண் நகர்ந்து வேறு பக்கம் போய்விட்டது.

"காட்ல கெடந்துச்சு. பொறுக்கிக்கினு வந்தேன்," என்றார் அடைக்கலம்.

"இது காஞ்சு கெடந்த துண்டு இல்ல, கோடாலி போட்டது. இதோ பாரு அடைக்கலம், குடுத்தவன் பேரைச் சொல்லு. அவனைப் புடிச்சுக்கினு உன்ன வுட்டுர்றோம். ரேஞ்சரே சொல்லி அனுப்பிக்கீறாரு."

"யாரும் குடுக்கல."

"உன் சாயபு உனக்காக ஜெயிலுக்கு வர மாட்டாரு. நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யாரும் குடுக்கலங்க. நான்தான் எடுத்தேன்."

கையைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிலோமினாள் அழவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட்டம் உச்சுக்கொட்டிவிட்டுக் கலைந்தது. கண்ணாயிரம் பின்னாலிருந்து வெளியே வந்து, பெருமூச்சு விட்டு, "அப்பாடா. இனிமே நாலு மாசத்துக்கு இந்தப் பக்கம் எவனும் வர மாட்டான். இந்த வாரமே நம்ம சரக்கை இறக்கிடலாம்," என்றான். துண்டு எங்கிருந்து போனது என்று அவனுக்குத் தெரியாது. அவள் சொல்லவும் இல்லை.

அவள் நினைத்தது நடந்துவிட்டது. புருஷன் வீட்டில், பத்திரமாக. ஆனாலும் மனசு அடங்கவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்தாளே, ஏன் பார்த்தாள்? பார்த்தவள் ஏன் வாயைத் திறக்கவில்லை? எனக்கு எதிராக என்ன வைத்திருக்கிறாள்?  எதிர்வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானம் அந்தக் கதவு திறந்தது. பிலோமினாள் ஒரு துணி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக இவள் வாசலுக்கு வந்தாள். கெங்கம்மாள் எழுந்து நிலையை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் கீழ போறேன்க்கா. சாயபுவைப் பார்த்து, யாராச்சும் வக்கீலு வெக்க முடியுமான்னு கேக்கணும். போறதுக்கு முன்னால உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்," என்றாள். பிறகு கிட்டே வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள். "நீங்க பயந்துக்கினு இருப்பீங்கன்னு தெரியும். பயப்படாதீங்க. அவரு உங்க பேரை எடுக்கல. அடிச்சாலும் எடுக்க மாட்டாரு."

"என் பேரையா? எதுக்கு?"

"எனக்குத் தெரியும்க்கா. உங்க வூட்டுச் சோறு மணந்த அன்னிக்கே தெரியும். அவருகிட்ட மட்டும் சொன்னேன். நமக்கு எதுக்கு, அவங்க கஷ்டம் அவங்களுக்குன்னாரு. அதனாலதான் உரிமையா உங்களைப் போய்க் கேட்டேன். நீங்க இல்லன்னதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் வைக்கலுக்கடியில அது இருந்ததைப் பாத்ததும் எனக்கு அழுகையே வந்துருச்சுக்கா. எங்க வூட்லயும் இந்தப் பண்டிகைக்கு அப்படித்தான். யாரு குடுத்தாங்கன்னு தெரியாம வெச்சுட்டுப் போவாங்க. குடுத்தவங்க பேரை யாரும் வெளிய சொல்லக்கூடாது. வாயால இல்லன்னுட்டுக் கையால குடுத்துட்டுப் போயிருக்காங்க பாருன்னு அவருகிட்ட சொன்னேன். பேரைச் சொன்னா வுட்டுர்றோம்னு கார்டு சொன்னப்ப, அவரு திரும்பவும் என்னைப் பாத்தாரு. வேணாம்னு நான்தான் தலையாட்டுனேன்."

கெங்கம்மாள் நிலையை விட்டு விலகினாள். 

"மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க நல்லதுதான் பண்ணீங்க," என்று சொல்லி, அந்தப் பெண் கெங்கம்மாளின் கையை ஒரு தரம் பிடித்து விட்டுவிட்டு, கீழே இறங்குகிற பாதையில் நடந்தாள்.

கெங்கம்மாள் உள்ளே வந்தாள். இத்தனை நாள் ஊரையெல்லாம் உற்றுப் பார்த்து, காட்டிக் கொடுத்தவன் எவன் எவன் என்று தேடினாளே, அவன் எப்படி இருப்பான் என்று இப்போது தெரிந்துவிட்டது. தொம்பையின் மேல் மூடியைத் தள்ளினாள். இரண்டு கையாலும் சாமையை வாரித் தரையில் கொட்டினாள்.

"ஏய், இன்னா பண்றே நீ?" என்று கண்ணாயிரம் ஓடி வந்தான்.

"அந்தத் துண்டை அங்க வெச்சவ நான்தான். சந்தையில போய்ச் சொன்னவளும் நான்தான்."

அவன் கதவைச் சாத்திவிட்டு வந்தான். பிறகு அவள் கையைப் பிடித்தான். "வெச்சே, சரி. எனக்காகத்தானே வெச்சே? வுட்டுடு. அந்தாளு ரெண்டு மாசமோ மூணு மாசமோ இருந்துட்டு வந்துருவாரு."

"சின்னக்குழந்தை வந்தானா?"

கண்ணாயிரம் தரையில் கிடந்த சாமையைப் பார்த்தான்.

"சொல்லாத மனுசன் உள்ள இருக்காரு. சொன்னவ நான் வெளிய இருக்கேன். என் கையை வுடு. மரம் சாஞ்சதும் நான்தான் வெட்டினேன், நான்தான் ஒளிச்சேன்னு சொல்லிர்றேன். நீ கூலிக்குப் போயிருந்தே, உனக்கு ஒண்ணும் தெரியாது. இந்தப் பக்கம் தலை காட்டாத."

அவன் பிடியை இறுக்கினான். பிறகு விட்டுவிட்டான். விட்டதற்காக அவன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. விடாமல் இருந்திருக்கக் கூடாதா என்றும் ஒரு மூலையில் இருந்தது.

கட்டைகளைக் கோணியில் சுற்றிக் கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டாள். பட்டப்பகலில், எல்லா வாசலிலும் ஆள் இருக்கும்போது, நடுப் பாதையில் நடந்தாள். பாதை முழுக்க மணந்தது. முதல் திருப்பத்தில் பிலோமினாளைப் பிடித்துவிட்டாள்.

"நில்லு பிலோமினா. நானும் கீழதான் வர்றேன், ரேஞ்சு ஆபீசுக்கு."

பிலோமினாள் திரும்பினாள். தலைச்சுமையைப் பார்த்தாள், மணம் அவளுக்கும் எட்டியது. அவள் முகம் பதறியது. "ஐயோ, இன்னாக்கா இது? எங்களுக்காகவா? வேணாம்க்கா, திரும்பிப் போய்டுங்க. நீங்க குடுத்ததை நாங்க யாருகிட்டயும்..."

"குடுக்கறதுக்கு வெக்கல," என்றாள் கெங்கம்மாள். சுமை கழுத்தை அழுத்தியது, தலையை ஆட்ட முடியவில்லை, நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "புடிச்சுக் குடுக்கறதுக்கு வெச்சேன். கார்டுகிட்டச் சொன்னதும் நான்தான்."

 பிலோமினாளின் கண் கெங்கம்மாளின் முகத்தில் எதையோ தேடியது. முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. மூட்டையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். ஏன் என்று கேட்கவில்லை. அழவும் இல்லை, ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் கெங்கம்மாளுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்திருக்கும்.

குறுகலான பாதை. ஒருத்தர் பின்னால் ஒருத்தராகத்தான் இறங்க முடியும். பிலோமினாள் ஓரமாக, பாறையோடு ஒட்டி ஒதுங்கி வழி விட்டாள்.

"நீங்க முன்னால நடங்க," என்றாள்.